பதிவேட்டில் ஏறாத மீன்

(இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



எர்னஸ்ட் ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ தமிழ் வாசகர்களுக்குப் புதிய நூல் அன்று. அதனைப் பற்றிப் பேசுவோர் மனிதனின் விடாமுயற்சியையும், தோல்வியிலும் தளராத உள்ளத்தையும், கதையில் ஊடாடும் சமயக் குறியீடுகளையும் எடுத்துரைப்பதே பெருவழக்கு. ஆனால் அக்கதையில் வரும் மீன் எத்தகையது, அது எந்தப் பருவத்தில் எந்த நீரில் வருவது, அதனைப் பிடிக்கப் போவோர் யார், என்ன கருவி கொண்டு போவர் என்பன பற்றிய பேச்சு அருகியே காணப்படுகிறது. கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பதை நிறுவ முயல்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம். ஹெமிங்வே செல்வர்களின் விளையாட்டாகிய பெருமீன் வேட்டையில் ஈடுபட்டவர். சொந்தமாக விசைப்படகு வைத்திருந்தவர்; விலையுயர்ந்த கோலும் ரீலும் கொண்டு மீன் பிடித்தவர். அவர் தம் வாழ்வின் முதிர்ந்த கட்டத்தில் ஒரு மார்லின் மீனைப் பற்றி எழுத முற்பட்டபோது, அந்த மீனைத் தம்மைப் போன்ற ஒருவர் கையில் கொடுக்கவில்லை. கோலும் ரீலும் இல்லாத, பொறியில்லாத சிறு படகில் தனியே செல்லும் ஏழைக் கிழவன் ஒருவன் கையில் கொடுத்தார். ஏன்?

முதலில் மீனைப் பார்ப்போம். மேல்தாடை நீண்டு ஈட்டியாகக் கூர்த்திருக்கும் பெருமீன் இனத்தைச் சேர்ந்தது மார்லின். நம் கடற்கரைச் சந்தைகளில் விற்கும் மயில்மீன் இதற்கு நெருங்கிய உறவு. அட்லாண்டிக் பெருங்கடலில் வெள்ளை மார்லின், நீல மார்லின் என இருவகை முதன்மையானவை. வெள்ளை மார்லின் சிறியது. நீல மார்லின் பேருருவம் கொள்வது. கோலால் பிடிக்கப்பட்ட அட்லாண்டிக் நீல மார்லின்களுள் மிகப் பெரியது 1992ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு விட்டோரியா அருகே பிடிபட்டது. அதன் எடை 636 கிலோ. பசிபிக், இந்தியப் பெருங்கடல்களில் வாழும் கருமார்லின் இதனினும் பெரிதாக வளரக்கூடியது. இவை யாவும் திறந்த ஆழ்கடலின் வெதுவெதுப்பான மேல்நீரில் தனித்துத் திரிபவை. சூரையையும் கோலா மீனையும் விரட்டி உண்பவை.

இத்தகைய மீனைக் கோல் கொண்டு பிடிக்கலாம் என்ற எண்ணமே அண்மைக் காலத்தது. கலிபோர்னியாவுக்கு அப்பால் உள்ள கேட்டலினா தீவில் 1898ஆம் ஆண்டு சார்லஸ் ஹோல்டர் என்பவர் 183 பவுண்டு எடையுள்ள நீலச் சூரை ஒன்றைக் கோலும் ரீலும் கொண்டு பிடித்தார். அவ்வாண்டிலேயே அங்குச் சூரை வேட்டையர் கழகம் ஒன்று தோன்றிற்று. அக்கால ரீல்களில் மீன் நூலை இழுத்தோடும்போது கைப்பிடியும் சேர்ந்து சுழலும். விரல் எலும்புகள் முறிவதும் உண்டு. நூலை மீன் இழுத்துச் செல்லும்போதே அதற்கு அளவான தடையைக் கொடுக்கும் உள்தடை ரீல் வந்த பின்னரே பெருமீன்கள் மனிதர் வசப்பட்டன. 1913ஆம் ஆண்டு வில்லியம் போஷன் அத்தகைய ரீலைக் கொண்டு வாள்மீன் ஒன்றைப் பிடித்தார். ஒரு சிறு பொறியமைப்பு ஒரு விளையாட்டையே தோற்றுவித்தது எனலாம்.

இவ்விளையாட்டை எழுத்தின் வழியே உலகெங்கும் பரப்பியவர் சேன் கிரே. அமெரிக்க மேற்குப்புறக் கதைகளால் பெரும்பொருள் ஈட்டிய அந்நாவலாசிரியர், அப்பொருளைக் கடலிலேயே செலவிட்டார். 1926ஆம் ஆண்டு நியூசிலாந்தின் தீவுகள் வளைகுடாவில் பாசறை அமைத்து மார்லின் பிடித்து, அதைப் பற்றி நூலும் எழுதினார். 1930ஆம் ஆண்டு தாகித்தி அருகே 1,040 பவுண்டு எடையுள்ள மார்லின் ஒன்றைக் கரை சேர்த்தார். கோலால் பிடிக்கப்பட்ட மீன்களில் ஆயிரம் பவுண்டைக் கடந்த முதல் மீன் அதுவே. ஆனால் கரைக்கு வருமுன்னரே சுறாக்கள் அதன் உடலில் ஒரு பகுதியைக் கடித்துத் தின்றுவிட்டிருந்தன. இச்செய்தியை நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் இது பயன்படும்.

இனி, கியூபாவின் கடலுக்கு வருவோம். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து புறப்படும் வெப்ப நீரோட்டம் கியூபாவின் வடகரையை ஒட்டிக் கிழக்கு நோக்கி ஓடுகிறது. ஹவானா துறைமுகத்தை விட்டுச் சிறிது தொலைவு சென்றாலே கடலடி சரேலென ஆழ்ந்துவிடுகிறது. பச்சைநீர் முடிந்து கருநீல நீர் தொடங்கும் எல்லை கண்ணுக்குத் தெரியும். இந்நீரோட்டத்தை எதிர்த்து, கிழக்கிலிருந்து மேற்காக மார்லின்கள் நீந்தி வருகின்றன என்பது அங்குள்ள மீனவர் கண்டறிந்த உண்மை. கிழக்கேயிருந்து வணிகக் காற்று வீசி, நீரோட்டத்தோடு மோதி அலையெழுப்பும் நாள்களில் அவை மேல்நீருக்கு வரும். வசந்த காலத்தில் வெள்ளை மார்லின் கூட்டமாக வரும். கோடையின் நடுவிலிருந்து இலையுதிர் காலம் வரை பெரிய நீல மார்லின்களின் காலம். பெருமீன் பருவத்தின் பிற்பகுதி புயற்பருவமும் ஆகும்.

ஹெமிங்வே 1928ஆம் ஆண்டு புளோரிடாவின் தென்கோடியிலுள்ள கீ வெஸ்ட் தீவில் குடியேறினார். 1932ஆம் ஆண்டு நண்பர் ஜோ ரசல் என்பவரின் ‘அனிதா’ என்னும் படகில் ஹவானாவுக்குச் சென்று முதன்முறையாக ஒரு மார்லின் பருவத்தைக் கண்டார். அது முதல் அக்கடல் அவரை விடவில்லை. 1934ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த வீலர் படகுத் தளத்தில் ஏறத்தாழ ஏழாயிரத்து ஐந்நூறு டாலர் கொடுத்து 38 அடி நீளமுள்ள விசைப்படகு ஒன்றைச் செய்வித்தார். அதற்குப் ‘பிலார்’ என்று பெயரிட்டார். பெரிய மீனைப் படகுக்குள் உருட்டி ஏற்றுவதற்காகப் பின்புற விளிம்பில் மர உருளை ஒன்றும் பொருத்தப்பட்டது. உலகப் பொருளாதாரம் நொடித்துப் பல்லாயிரவர் வேலையின்றி நின்ற காலம் அது என்பதையும் மறந்துவிடலாகாது.

இவ்வேட்டை நடைபெறும் முறையைச் சுருக்கமாகக் காண்போம். படகு மெதுவாகச் செல்லும். பின்னால் நீரின் மேற்பரப்பில் இரைமீன்கள் துள்ளித் துள்ளி வரும். படகின் இருபுறமும் நீண்ட கழிகள் நீட்டப்பட்டிருக்கும்; நூல் அக்கழிகளின் நுனியில் ஒரு பிடிப்பானில் இலேசாகக் கவ்வப்பட்டிருக்கும். மார்லின் வந்து இரையை ஈட்டியால் அடிக்கும்போது நூல் பிடிப்பிலிருந்து விடுபட்டுத் தொய்வடையும். இரை செத்தது போல நீரில் நிற்கும். மீன் திரும்பி வந்து அதை விழுங்கும் வரை காத்திருந்து, பின்னர்க் கோலைச் சுண்டி முள்ளைப் பதிக்க வேண்டும். அதன்பின் கடைசல் நாற்காலியில் வார்ப்பட்டைகளால் கட்டுண்டு அமர்ந்த மனிதன் கோலை உயர்த்துவதும், தாழ்த்தும்போது நூலைச் சுற்றுவதுமாகப் பல மணி நேரம் போராடுவான். மீன் ஓடினால் படகோட்டி பின்தொடர்வான்; மீன் அடியில் தங்கினால் படகைச் சுழற்றி அதன் திசையை மாற்றுவான். கோலைப் பிடிப்பவன் ஒருவன். ஆயினும் அவனுக்குப் பின்னே பொறியும், படகோட்டியும், கொக்கித்தடியுடன் நிற்கும் உதவியாளனும் உண்டு.

அதே நீரில், அதே பருவத்தில், கியூபாவின் ஏழை மீனவர்களும் அதே மீனைப் பிடித்து வந்தனர். அவர்களுக்குக் கோல் இல்லை, ரீல் இல்லை. பாயும் துடுப்பும் கொண்ட சிறு படகில் விடியுமுன் புறப்பட்டு, நீரோட்டத்தோடு மிதந்தவாறே, வெவ்வேறு ஆழங்களில் கைத்தூண்டில்களை இறக்குவர். ‘கடலும் கிழவனும்’ நூலில் சந்தியாகு தன் நான்கு இரைகளையும் நாற்பது, எழுபத்தைந்து, நூறு, நூற்று இருபத்தைந்து பாக ஆழங்களில் நிறுத்துகிறான் என்று துல்லியமாகச் சொல்லப்படுகிறது. கையிறு மீனவனிடம் மீனின் ஓட்டத்தைத் தடுக்கும் பொறி கிடையாது. அவன் முதுகும் தோளும் உள்ளங்கையுமே ரீல். தோல் கிழியும் அளவே தடை.

ஹெமிங்வேயின் ஈடுபாடு வெறும் பொழுதுபோக்காக நின்றுவிடவில்லை. பிடித்த மீன்களின் அளவு, எடை, வயிற்றில் இருந்த உணவு, அன்றைய காற்று, நீரோட்டம் ஆகியவற்றைக் குறித்து வைத்தார். 1934ஆம் ஆண்டு பிலடெல்பியா இயற்கை அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் கேட்வாலடர், ஹென்றி ஃபௌலர் ஆகிய இருவர் ஹவானாவுக்கு வந்து அவருடன் தங்கி மார்லின்களை ஆராய்ந்தனர். அடுத்த ஆண்டு ஃபௌலர் ஒரு சிறு மீனினத்துக்கு ஹெமிங்வேயின் பெயரைச் சூட்டினார். வெள்ளை, வரி, நீலம், கறுப்பு என அழைக்கப்படும் மார்லின்கள் யாவும் ஒரே மீனின் பால்வேறுபாடும் வயதுவேறுபாடுமே என ஹெமிங்வே அக்காலத்தில் கருதினார். அக்கருத்து தவறு எனப் பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் அத்தவறு நேரில் கண்ட ஒருவனின் தவறு. கண்டதை எண்ணிப் பார்த்ததால் நேர்ந்த தவறு. எழுத்தாளனுக்கு அது குற்றமாகாது.

1935ஆம் ஆண்டு அவர் பஹாமாஸ் தீவுக் கூட்டத்திலுள்ள பிமினிக்குப் புறப்பட்டார். வழியில், கொக்கித்தடியில் மாட்டிய சுறா ஒன்றைச் சுடும்போது குண்டுச் சிதறல்கள் அவர் கால்கள் இரண்டிலும் பாய்ந்தன. பிமினியில் பெருஞ்சூரை எதனையும் சுறாக்கள் தின்னாமல் முழுதாகக் கரை சேர்க்க இயலாது என்பது அந்நாளைய பொது நம்பிக்கை. ஹெமிங்வே அதனைச் செய்து காட்டினார். ஆயினும் அதே பருவத்தில் அவருடைய நண்பரும் ஓவியருமான ஹென்றி ஸ்ட்ரேட்டர் போராடிப் பிடித்த பெரிய மார்லினைச் சுறாக்கள் பாதியளவு தின்றுவிட்டன. ஹெமிங்வே சுறாக்களை நோக்கித் தானியங்கித் துப்பாக்கியால் சுட்டார் என்றும், நீரில் பெருகிய குருதியே மேலும் சுறாக்களை வரவழைத்தது என்றும் கூறப்படுகிறது. எஞ்சிய மீனோடு நண்பர்கள் நிற்கும் நிழற்படம் இன்றும் உள்ளது. அவ்வுடலின் பின்பாதி வெற்றெலும்பாகக் காணப்படுகிறது.

1936ஆம் ஆண்டு ஏப்ரல் மாத ‘எஸ்கொயர்’ இதழில் நீலநீர் பற்றி ஹெமிங்வே ஒரு கட்டுரை எழுதினார். அதன் நடுவே ஒரு பத்தியில் ஒரு செய்தி வருகிறது. கபானாஸ் என்னும் ஊருக்கு அப்பால் தனியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவனின் தூண்டிலில் பெரிய மார்லின் சிக்கிப் படகை வெகுதொலைவு இழுத்துச் சென்றது. இரண்டு நாள் கழித்து, அறுபது மைலுக்குக் கிழக்கே மீனவர்கள் அவனைக் கண்டெடுத்தனர். மீனின் தலையும் முன்பகுதியும் மட்டும் படகோடு கட்டப்பட்டிருந்தன. எஞ்சியதே எண்ணூறு பவுண்டு இருந்தது. சுறாக்களோடு தனியே போராடி ஓய்ந்த கிழவன், இழப்பால் சித்தம் கலங்கி அழுதுகொண்டிருந்தான். இவ்வளவே செய்தி. கையிறு மீனவர்களிடையே வழங்கிய இத்தகைய செய்திகளை ஹெமிங்வேக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அவருடைய படகில் பணிபுரிந்த கியூப மீனவர்களே.

அப்பத்தி நாவலாக மலர 16 ஆண்டுகள் சென்றன. 1952ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் வெளிவந்த ‘லைஃப்’ இதழில் கதை முழுதும் ஒரே தவணையில் அச்சாகி, இரண்டே நாள்களில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றுத் தீர்ந்தன. 1953இல் புலிட்சர் பரிசும் 1954இல் நோபல் பரிசும் வந்தன. இப்பதினாறு ஆண்டுகளில் பத்தியில் நேர்ந்த மாற்றங்களைக் கருதுதல் வேண்டும். அழுது அரற்றிய கிழவன் அழாத கிழவனாகிறான். யாரோ கண்டெடுத்த கிழவன், தானே பாயை விரித்துத் தன் துறைக்குத் திரும்பும் கிழவனாகிறான். எண்ணூறு பவுண்டு எஞ்சிய மீன், தலையும் முள்ளும் வாலுமாக மட்டும் எஞ்சுகிறது. அதாவது, மனிதனின் இழப்பு கூடுகிறது, புலம்பல் குறைகிறது.

பருவம் பற்றிய அறிவு கதையில் எங்ஙனம் பயன்படுகிறது என்பதும் நோக்கத்தக்கது. கதை நிகழ்வது செப்டம்பர் மாதம். மே மாதத்தில் எவனும் மீனவனாக இருந்துவிடலாம், பெருமீன்கள் வருவது இப்போதுதான் என்ற கருத்துப்படக் கிழவன் பேசுகிறான். வெள்ளை மார்லின் மலிந்து வரும் வசந்தத்தையும், நீல மார்லின் அரிதாய் வரும் புயற்பருவத்தையும் அறிந்தவர்க்கே இப்பேச்சின் முழுப்பொருள் விளங்கும். எண்பத்து நான்கு நாள் மீன் கிடைக்காத ஒருவன், எளிய மீனை நாடாமல், அரிய மீனின் பருவத்தில், வழக்கத்தினும் தொலைவாகச் செல்கிறான். அவன் துணிவும் பிழையும் ஒன்றாகவே பிறக்கின்றன.

அதுபோன்றே கடலைக் குறிக்கும் சொல்லும். ஸ்பானிய மொழியில் கடலைப் பெண்பாலாகவும் ஆண்பாலாகவும் கூறலாம். கிழவன் அதனைப் பெண்பாலாகவே எண்ணுகிறான். சுறா ஈரல் விற்ற பணத்தில் விசைப்படகு வாங்கிய இளைய மீனவர்களோ அதனை ஆண்பாலாக, ஒரு போட்டியாளனாக, பகைவனாகப் பேசுகின்றனர் என்று கதை குறிப்பிடுகிறது. மீனைக் கிழவன் உடன்பிறந்தவன் என்று அழைக்கிறான். ஆனால் உயிரியல் வேறு கூறுகிறது. நீல மார்லினில் ஆண்மீன் சிறியது. பேருருவம் கொள்வன யாவும் பெண்மீன்களே. கிழவன் பிடித்த அளவில் ஒரு மார்லின் இருக்குமாயின் அது உடன்பிறந்தாளாகவே இருத்தல் கூடும். தமிழில் மீன் அஃறிணையாதலால் இச்சிக்கல் நமக்குத் தோன்றுவதில்லை. ஆங்கிலத்தில் படிப்போர்க்கு அது ஒரு நெருடல்; ஒருவகையில் கதைக்கு மேலும் ஒரு துயரத்தைச் சேர்ப்பதும் ஆகும்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். 1939ஆம் ஆண்டு நியூயார்க்கில், மைக்கேல் லெர்னர் என்பவரின் முயற்சியால், அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் துணையோடு, அனைத்துலக வேட்டைமீன் சங்கம் நிறுவப்பட்டது. 1940 முதல் இறக்கும்வரை அதன் துணைத்தலைவராக இருந்தவர் ஹெமிங்வே. விளையாட்டு நேர்மையாக நடக்க வேண்டும் என்பதற்காக அச்சங்கம் விதிகளை வகுத்தது. மீனைக் கோலும் ரீலும் கொண்டே பிடிக்க வேண்டும், கைத்தூண்டில் கூடாது. எறியுளி கூடாது. போராட்டத்தின்போது பிறர் கோலைத் தொடலாகாது. கரை சேருமுன் சுறா முதலியவை மீனின் சதையைக் கடித்திருந்தால் அம்மீன் ஏற்கப்படாது. அங்கீகரிக்கப்பட்ட எடைக்கருவியில் நிறுத்திருக்கவும் வேண்டும்.

இவ்விதிகளைக் கொண்டு சந்தியாகுவின் மீனை மதிப்பிட்டுப் பாருங்கள். அவன் பிடித்தது கையிற்றால், கொன்றது எறியுளியால், கொண்டுவந்தது சுறா தின்ற எலும்பை. எடை பார்க்க ஏதுமில்லை. ஒரு மீனவன் கயிற்றால் அளந்து பதினெட்டு அடி என்று கூறுவதே சான்று. பிறர் உதவவில்லை என்ற ஒரு விதியைத் தவிர மற்றவை எதிலும் அம்மீன் தேறாது. உலக இலக்கியத்தின் மிகப் பெரிய மார்லின், அதனைப் படைத்தவரே துணைத்தலைவராக இருந்த சங்கத்தின் பதிவேட்டில் ஏற இயலாத மீன். சேன் கிரேயின் ஆயிரம் பவுண்டு மீனுக்கும் அதே கதிதான்.

இது தற்செயல் என்று கொள்வதற்கில்லை. விளையாட்டின் விதிகள் தேவையானவை. அவை மனிதனின் கைகளைக் கட்டி மீனுக்கு ஒரு வாய்ப்பைத் தருகின்றன. ஆனால் அவ்விதிகளை வேண்டுபவன், தோற்றாலும் இரவு உணவுக்குத் தட்டில்லாதவன். மீன் தப்பிவிட்டால் அவன் இழப்பது ஒரு மீனை மட்டுமே. சந்தியாகுவோ கடலின் நடுவே, மீனைக் கட்டியிழுக்கும்போதே, அதன் எடையில் எத்தனை பங்கு இறைச்சியாகும், பவுண்டு முப்பது சென்ட் வீதம் எவ்வளவு கிடைக்கும் என்று மனக்கணக்குப் போடுகிறான். கோலின் மறுமுனையில் இருந்தபோது ஹெமிங்வே மீனின் வலிமையை அறிந்தார். அதன் விலையை அறிய அவருக்குக் கையிற்றின் மறுமுனை தேவைப்பட்டது. அதனாலேயே கதையைக் கிழவனிடம் ஒப்படைத்தார் என்று கருதுவதில் தவறில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். செல்வர் ஒருவர் ஏழையின் துயரத்தை எடுத்துத் தமக்குப் பரிசும் புகழும் ஆக்கிக்கொண்டார் அல்லவா என்று கேட்கலாம். இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. கதையில் வறுமை உண்டு. அவ்வறுமையை உண்டாக்கும் சந்தையும் முதலாளியும் பெரும்பாலும் இல்லை. ஹவானாவின் மீனவர் பெருமீனை ஏன் அவ்வளவு மலிவாக விற்க நேர்ந்தது என்று கதை கேட்பதில்லை. அதே வேளையில், தொழிலின் நுட்பத்தை ஒரு சொல்லும் பிசகாமல் எழுதியதன் வாயிலாக அம்மீனவரை ஹெமிங்வே மதித்தார் என்பதும் உண்மை. கடைசிப் பக்கங்களில், மொட்டைமாடி உணவகத்திலிருந்து கீழே நோக்கும் சுற்றுலாப் பயணிகள், கரையோரம் கிடக்கும் எலும்பைச் சுறாவின் எலும்பு என்று தவறாக எண்ணிக்கொள்கின்றனர். பருவகாலத்தில் வந்துபோகும் தம்மையொத்த அயலாரின் அறியாமைக்கு ஆசிரியர் வைத்த குட்டு அது.

நூலுக்குப் பின் நிகழ்ந்தவையும் கருதத்தக்கன. கதையில் கிழவன், மீன் வசப்பட்டால் கோப்ரே ஊரின் அன்னை மரியின் திருத்தலத்துக்கு யாத்திரை வருவதாக நேர்ந்துகொள்கிறான். ஹெமிங்வே தம் நோபல் பதக்கத்தை அத்தலத்துக்கே காணிக்கையாக்கினார். கதையைத் திரைப்படமாக்க முனைந்தபோது பேருருவ மார்லினைப் படம்பிடிக்க 1956ஆம் ஆண்டு அவர் பெரு நாட்டின் காபோ பிளாங்கோவுக்குச் சென்றார். அங்குதான் 1953ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள் ஆல்பிரட் கிளாசெல் 1,560 பவுண்டு கருமார்லினைப் பிடித்திருந்தார். அச்சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை. ஹெமிங்வேயின் குழுவினர்க்குத் தேவையான அளவில் மீன் கிட்டவில்லை. 1958இல் வெளிவந்த படத்தில் கிளாசெலின் மீன் துள்ளும் காட்சிகளே பயன்பட்டன. பதிவேட்டில் ஏறிய மீன், ஏறாத மீனுக்கு வேடம் பூண்டது என்று கூறலாம்.

1960ஆம் ஆண்டு மே மாதம், ஹவானாவில் ஹெமிங்வேயின் பெயரால் நடைபெற்ற மார்லின் போட்டியில் பிடல் காஸ்ட்ரோ வென்றார்; கோப்பையை ஹெமிங்வே வழங்கினார். அதே ஆண்டு அவர் கியூபாவை விட்டு நீங்கினார். 1961 ஜூலை 2ஆம் நாள் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். ‘பிலார்’ படகு இன்று கியூபாவில் அவர் வாழ்ந்த இல்லத்தில் அருங்காட்சிப் பொருளாக உள்ளது. 1938 முதல் அதனைச் செலுத்திய கிரகோரியோ புவெந்தெஸ் 104 வயது வாழ்ந்து 2002ஆம் ஆண்டு மறைந்தார். கொஹிமார் என்னும் மீனவர் ஊரில் ஹெமிங்வேக்கு மார்பளவுச் சிலை ஒன்று எழுப்பப்பட்டது. அதற்கு வேண்டிய உலோகத்துக்காக அவ்வூர் மீனவர்கள் தம் படகுகளின் சுழல்விசிறி முதலிய உறுப்புகளைக் கொடுத்தனர். ஏழை மீனவர் ஓர் எழுத்தாளர்க்கு அளித்த பரிசு இது.

மீனின் கதை வேறு வகையில் தொடர்ந்தது. 1950களின் பிற்பகுதி முதல் சூரைக்காக அட்லாண்டிக்கில் விரிக்கப்பட்ட நெடுந்தூண்டில்கள், பல்லாயிரம் முட்களோடு, மார்லின்களையும் வாரிச் சென்றன. கோலும் அன்று, கையிறும் அன்று. மூன்றாவது ஒரு கருவி இருதரப்பாரையும் தோற்கடித்தது. 1988 முதல் அமெரிக்க வணிகப் படகுகள் அட்லாண்டிக் மார்லினை வைத்துக்கொள்வது தடை செய்யப்பட்டது. இயற்கை இரையைப் பயன்படுத்தும் அட்லாண்டிக் போட்டிகளில், மீனின் குடலைக் கிழிக்காமல் வாயோரத்தில் மட்டும் பதியும் வட்டமுள் 2008 முதல் கட்டாயமாயிற்று. 2011ஆம் ஆண்டு நீல மார்லின் அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இன்றைய வேட்டையர் பலர் பிடித்த மீனைப் படகருகே கொணர்ந்து விடுவித்துவிடுகின்றனர்.

விடுவிக்குமுன் மீனின் உடலில் எண்ணிட்ட அடையாளம் ஒன்றைப் பதிக்கும் வழக்கம், 1954ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆய்வுத் திட்டத்தின் பயனாகப் பரவியது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் டெலவேருக்கு அப்பால் அவ்வாறு அடையாளமிட்டு விடப்பட்ட நீல மார்லின் ஒன்று, ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர் மொரீசியஸ் அருகே மீண்டும் பிடிபட்டது. ஹெமிங்வேயின் நீரிலிருந்து நம் பெருங்கடலுக்கு அம்மீன் தானே வழி கண்டது.

நம் இலக்கியத்துக்கும் இப்பொருள் புதியதன்று. வளைந்த திமிலில் சென்ற பரதவர், எறியுளியால் கோட்டுமீனை எறிந்த காட்சியைக் குறுந்தொகை காட்டுகிறது. அக்கோட்டுமீனைச் சுறா என்பர் உரையாசிரியர். சுறாவின் கொம்பை நட்டுப் பரதவர் வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. கொன்ற மீனையே வணங்கும் அவ்வுள்ளம், கொன்ற மீனிடம் மன்னிப்புக் கேட்கும் சந்தியாகுவின் உள்ளத்துக்கு நெடுந்தொலைவில் இல்லை. இக்காலத்திலும் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ முதலாகக் கடல்சார் புனைகதைகள் நமக்கு உள்ளன. ஆயினும் எந்த மீன் எந்த மாதத்தில் எத்தனை பாக ஆழத்தில் கிட்டும், எந்தக் காற்றுக்கு எந்த வலை என்ற அறிவு நம் கடற்கரை முதியோர் நாவில் இருக்குமளவு நம் ஏட்டில் இல்லை. அம்முதியோர் மறையுந்தோறும் அவ்வறிவும் மறைந்துகொண்டிருக்கிறது.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தில் எழுதப் பயிலும் இளைஞர் பலர் உள்ளனர். ஒரு பத்தி நூலாவதற்குப் 16 ஆண்டு பொறுத்திருந்த ஒருவரின் வரலாறு அவர்களுக்குப் பயன்படும். பருவந்தோறும் கடலுக்குச் சென்று, கண்டதைக் குறித்து வைத்து, தம்மினும் எளியவர் சொல்லுக்குச் செவி கொடுத்து, இறுதியில் தம் கோலைக் கீழே வைத்துவிட்டு அடுத்தவன் கையிற்றைப் பற்றிப் பார்த்தார் அவர். எழுத்துக்கு வேண்டிய பயிற்சி பெரும்பாலும் இதுவேயாம். நம் கரையில் கையிறு பிடித்தவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே சென்று கேட்பது நம் கடமையாகும்.